படத்தில் மாதுளை, போத்தலில் அப்பிள்!

உணவுப் பொதிகளின் மேல் எழுதியிருப்பவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முன்னாளில் ஒரு குடும்பம் தனக்கு வேண்டிய உணவுப் பொருளைக் கண்ணாற் கண்டு, கையால் அளைந்து, மூக்கால் முகர்ந்து வாங்கிற்று. அரிசியை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார்கள். நல்லெண்ணெயில் ஒரு துளியைப் புறங்கையில் தேய்த்து மணந்து பார்த்தார்கள். தேங்காயைக் காதருகே குலுக்கிப் பார்த்தார்கள். கடைக்காரர் சொல்லில் ஐயம் தோன்றினால் அவ்விடத்திலேயே நின்று கேள்வி கேட்கவும் முடிந்தது.

இன்று நிலைமை வேறு. விசுக்கோத்தும், பழரசமும், மாவும், பாலும் பொதியாகவும் போத்தலாகவும் பேணியாகவும் மூடி முத்திரையிடப்பட்டு வருகின்றன. உள்ளே இருப்பது எது என்பதைத் திறந்து பார்க்கும் உரிமை பணம் கொடுத்த பின்னரே நமக்குக் கிடைக்கின்றது. அதுவரை நம்மோடு பேசுவது பொதியின் மேல் ஒட்டியிருக்கும் சுட்டுத்துண்டு ஒன்றுதான். அது மெய் பேசினால் நமக்கு வேறு துணை வேண்டியதில்லை. அது பொய் பேசினாலோ, அல்லது பாதி மெய்யைப் பேசி மீதியை விழுங்கினாலோ, பாதிக்கப்படுவது நமது பணம் மாத்திரமன்று; நமது பிள்ளைகளின் உடல்நலமுமாகும்.

இந்தச் சுட்டுத்துண்டுகள் எவ்வாறு பேசுகின்றன, எவ்விடத்தில் மௌனம் சாதிக்கின்றன என்பதைச் சில உண்மை நிகழ்ச்சிகளின் துணைகொண்டு பார்ப்போம்.

இரு மாணவிகள் செய்த பரிசோதனை

2004ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரிலுள்ள ஒரு பாடசாலையில், 14 வயதுடைய மாணவிகள் இருவர் விஞ்ஞானப் பாடத்திற்காக ஒரு சிறு பரிசோதனையில் இறங்கினர். கடைகளில் விற்கப்படும் பழபானங்களில் விற்றமின் சீ எவ்வளவு இருக்கின்றது என்று அளந்து பார்ப்பதே அவர்களின் நோக்கம். விலை குறைந்த பானங்களிலே சத்தும் குறைந்திருக்கும், பெயர் பெற்ற பானங்களிலே கூடியிருக்கும் என்பதே அவர்கள் எதிர்பார்த்தது.

பெயர் பெற்ற பானங்களுள் ஒன்று ரைபீனா. கருந்திராட்சை எனப்படும் ஒருவகைச் சிறு பழத்திலிருந்து செய்யப்படுவது. அப்பழத்தில் தோடம்பழத்திலும் பார்க்க நான்கு மடங்கு விற்றமின் சீ உண்டு என்று அதன் விளம்பரங்கள் கூறின. உடனே அருந்தத்தக்கதாக விற்கப்பட்ட பானத்தில் 100 மில்லிலீற்றருக்கு 7 மில்லிகிராம் விற்றமின் சீ இருப்பதாகச் சுட்டுத்துண்டு கூறிற்று. மாணவிகளோ அதில் அச்சத்து இல்லையென்று சொல்லுமளவுக்குக் குறைந்திருக்கக் கண்டார்கள். அருகில் வைத்துச் சோதித்த வேறொரு சாதாரணப் பழரசத்தில் அது பன்மடங்கு கூடியிருந்தது.

தங்கள் கைப்பிழையாக இருக்கலாம் என்று எண்ணி அவர்கள் மீண்டும் சோதித்தார்கள். விடை மாறவில்லை. நிறுவனத்தாரிடம் கேட்டார்கள், திருப்தியான மறுமொழி கிடைக்கவில்லை. விளம்பரத்திற் சொல்லப்பட்டது பழத்தைப் பற்றியதே என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த விளக்கம். அஃதாவது, பழத்தில் நான்கு மடங்கு உண்டு என்றுதான் சொன்னோம், போத்தலில் உண்டு என்று சொன்னோமா என்பது அதன் பொருள்!

மாணவிகள் அத்துடன் விட்டுவிடவில்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் வாயிலாக இச்செய்தி நாட்டுக்குத் தெரியவந்தது. அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு தானும் சோதித்துப் பார்த்தது. உடனே அருந்தும் அப்பானத்தில் அளவிடத்தக்க விற்றமின் சீ இருக்கவில்லை. 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உற்பத்தியாளரான கிளாக்ஸோ சிமித் கிளைன் நிறுவனம் ஓக்லாந்து மாவட்ட நீதிமன்றத்தில் 15 குற்றச்சாட்டுக்களை ஒப்புக்கொண்டது. 217,500 நியூசிலாந்து டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. பிழையைத் திருத்திப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்யும்படியும் கட்டளையாயிற்று.

உலகெங்கும் கிளை பரப்பிய ஒரு பெருநிறுவனத்தின் கூற்றைப் பொய்யென்று காட்டியது, பாடசாலைச் சிறுமியர் இருவரின் பொறுமையான அளவீடு. இந்த அளவீடு நமது பாடசாலைகளிலும் செய்யத்தக்கதே. மாப்பொருளுடன் அயடீன் கலந்தால் கருநீல நிறம் தோன்றும் என்பதை மாணவர் அறிவர். பானத்தில் விற்றமின் சீ இருக்கும் வரையில், துளித்துளியாக விடும் அயடீனை அது மாற்றிவிடும், நிறம் நிலைக்காது. அச்சத்துத் தீர்ந்தவுடன் அடுத்த துளி கருநீலமாக நின்றுவிடும். எத்தனை துளி சென்றது என்று எண்ணினால், எவ்வளவு சத்து இருந்தது என்று ஒப்பிட்டு அறியலாம்.

நூறாண்டுக்கு முந்திய வழக்கு

இந்த நோய் இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உணவுப் பொருட்களிலே கண்டதையெல்லாம் கலந்தார்கள். அதனை எதிர்த்து நின்றவர்களுள் முதன்மையானவர் விவசாயத் திணைக்களத்தின் இரசாயனத் தலைவராயிருந்த ஹாவி வைலி என்பவர். 1902ஆம் ஆண்டில் அவர் 12 இளைஞரைத் திரட்டி, பொரிகாரம் முதலாக அக்காலத்தில் உணவு கெடாமலிருக்கச் சேர்க்கப்பட்ட பொருட்களை அவர்களுக்கு உணவுடன் கொடுத்து, அவற்றின் விளைவை நாள்தோறும் குறித்து வந்தார். பத்திரிகைகள் அவ்விளைஞர் கூட்டத்திற்கு ‘நச்சுப் படை’ என்று பெயர் சூட்டின. அவரும் அவரோடு சேர்ந்தோரும் செய்த கிளர்ச்சியின் பயனாக 1906ஆம் ஆண்டு ஜூன் 30ஆந் திகதி தூய உணவு, மருந்துச் சட்டம் பிறந்தது. பொருளிற் கலப்படம் செய்வது மாத்திரமன்றி, பெயரிற் கலப்படம் செய்வதும் அச்சட்டத்தால் குற்றமாயிற்று.

அச்சட்டத்தின் வலையில் அகப்பட்ட பெரிய மீன்களில் ஒன்று கொக்கா கோலா. 1909ஆம் ஆண்டில் அப்பானத்தின் பாகு 40 பீப்பாய்களும் 20 சிறு பீப்பாய்களும் அரசாங்கத்தாற் கைப்பற்றப்பட்டன. குற்றச்சாட்டுக்கள் இரண்டு. அதிலே கபேன் என்னும் பொருளைச் சேர்த்தது தீங்கு என்பது ஒன்று. பெயரிலே கொக்கா இலையையும் கோலாக் கொட்டையையும் சொல்லிக்கொண்டு, உள்ளே கொக்கா இல்லாமலும், கோலா இருந்தால் மிகச் சிறிதே இருக்கும்படியாகவும் விற்பது ஏமாற்று என்பது மற்றொன்று. 1911இல் சட்டநூகா நகரில் நடந்த விசாரணையில் நிறுவனம் வென்றது. எனினும் 1916இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, வழக்கை மீண்டும் விசாரிக்கப் பணித்தது. அடுத்த ஆண்டில் நிறுவனம் சமாதானத்திற்கு இணங்கிற்று. கபேனைப் பாதியாகக் குறைத்தது. வழக்குச் செலவையும் ஏற்றுக்கொண்டது. பெயர் மாத்திரம் மாறவில்லை.

இதனிலும் சிறப்பான தீர்ப்பொன்று 1924ஆம் ஆண்டில் வந்தது. ஒரு நிறுவனம் உலர்த்திய அப்பிளை நீரில் ஊறவைத்துப் பிழிந்து வினாகிரி செய்தது. ‘தெரிந்தெடுத்த அப்பிளிலிருந்து செய்யப்பட்ட அப்பிள்ச் சாற்று வினாகிரி’ என்று அதன் மேல் எழுதியது. அரசாங்கம் 95 பீப்பாய்களைக் கைப்பற்றிற்று. உலர்ந்த அப்பிளும் அப்பிள்தானே, எங்கள் எழுத்தில் என்ன பொய் இருக்கின்றது என்று வாதாடினார்கள். உயர்நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே பொய்யாகாதிருக்கலாம். ஆயினும் மொத்தத்தில் வாசிப்பவனைத் தவறாக நினைக்கச் செய்யுமானால் அது ஏமாற்றே என்பது அத்தீர்ப்பின் சாரம். பச்சைப் பழத்தின் சாற்றை எதிர்பார்த்து வாங்குகிறவனுக்கு ஊறவைத்த வற்றலின் சாற்றைக் கொடுப்பது நேர்மையன்று.

ஈயம் பூசினது போலவும் இருக்கவேண்டும், பூசாதது போலவும் இருக்கவேண்டும் என்று நம்மவர் ஒரு பழமொழி சொல்வார்கள். சுட்டுத்துண்டு எழுதுவோரிற் பலர் கற்று வைத்திருக்கும் கலை இதுவே.

ஏட்டு மாதுளை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சுட்டுத்துண்டிலுள்ள மாதுளையும் அப்படித்தான். அமெரிக்காவில் கொக்கா கோலா நிறுவனத்தின் மினிற் மெயிட் என்ற பெயரில் ஒரு பழரசம் விற்கப்பட்டது. ‘மாதுளை’ என்ற சொல்லும், ‘நீலநெல்லி’ என்று நாம் சொல்லத்தக்க ஒரு பழத்தின் பெயரும் பெரிய எழுத்திலே நின்றன. ஐந்து பழரசங்களின் கலவை என்பது சிறிய எழுத்திலே கீழே நின்றது. பிளந்த மாதுளையின் படமும் இருந்தது. உள்ளே இருந்ததோ நூற்றுக்கு 99.4 வீதம் அப்பிள், முந்திரிகைப் பழம் ஆகியவற்றின் சாறு. மாதுளைச் சாறு 0.3 வீதம், நீலநெல்லி 0.2 வீதம், வேறொரு பழம் 0.1 வீதம். ஒரு லீற்றர் போத்தலுக்கு இதனைக் கணக்கிட்டால், மாதுளையின் பங்கு 3 மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டியும் நிரம்பாது!

மாதுளைச் சாறு விற்கும் பொம் வொண்டர்புல் என்னும் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அரசாங்கத்தின் சுட்டுத்துண்டு விதிகளை மீறவில்லை, ஆதலால் வழக்கே கூடாது என்று கீழ் நீதிமன்றங்கள் கூறின. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றபோது, பொதுமக்கள் அவ்வளவு எளிதில் ஏமாறமாட்டார்கள் என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் வாதாடினார். அதைக் கேட்டிருந்த நீதியரசர் கென்னடி, தாமே இதை மாதுளைச் சாறென்று எண்ணியிருந்ததாகக் கூறிச் சபையைச் சிரிக்க வைத்தார். 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், விதிகளுக்கு அமைந்திருந்தாலும் ஏமாற்று என்று வழக்குத் தொடரலாம் என நீதியரசர் எல்லோரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆயினும் 2016இல் வழக்கை விசாரித்த யூரிமார் நிறுவனத்தின் பக்கமே நின்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும். எது ஏமாற்று, எது வாங்குகிறவரின் அசட்டை என்பதில் நியாயஸ்தலங்களும் ஒருவழிப்படுவதில்லை. ஆதலால் நீதிமன்றம் நம்மைக் காக்கும் என்று காத்திருப்பதிலும் பார்க்க, நாமே கண்ணைத் திறந்து வாசிப்பது மேல்.

நமது அயல் நாடான இந்தியாவிலும் அண்மையில் இவ்விடயம் கிளம்பிற்று. 2024ஆம் ஆண்டு ஏப்ரிலில் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகார சபை, மால்ற்றும் பாலும் தானியமும் அடிப்படையாகக் கொண்ட பானங்களை இணைய வணிக நிலையங்கள் ‘சுகபானம்’ என்ற தலைப்பின்கீழ் வைத்து விற்கலாகாது என்று அறிவித்தது. அப்படியொரு வகை சட்டத்திலே வரையறுக்கப்படவில்லை என்பதே காரணம். அதே ஆண்டு ஜூனில், செறிவாக்கிய சாற்றிலே மீண்டும் நீர் சேர்த்து விற்கும் பானங்களின் மேல் ‘நூற்றுக்கு நூறு பழரசம்’ என்று எழுதுவதை நீக்கும்படியும் கட்டளையிட்டது.

பட்டியலை வாசிப்பது எப்படி?

பொதியின் முன்பக்கம் வியாபாரிக்கு உரியது. பின்பக்கம் நமக்கு உரியது. முன்பக்கத்தில் படமும் புகழுரையும் இருக்கும். பின்பக்கத்தில், பொடி எழுத்தில், உள்ளடக்கப் பட்டியல் இருக்கும். அதனை வாசிக்க மூன்று விடயங்கள் தெரிந்தாற் போதும்.

முதலாவது, வரிசை. பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி, நிறையிற் கூடியது முதலிலும் குறைந்தது இறுதியிலும் எழுதப்படவேண்டும். ஒரு விசுக்கோத்துப் பொதியில் குரக்கனின் படமும் பெயரும் பெரிதாக இருந்தும், பட்டியலில் கோதுமை மா முதலாவதாகவும் குரக்கன் உப்புக்கு அருகிலும் நின்றால், அது குரக்கன் விசுக்கோத்தன்று. குரக்கனைத் தொட்டுக்கொண்ட கோதுமை விசுக்கோத்து.

இரண்டாவது, ஒரே பொருள் பல பெயரில் வருவது. இதிலேதான் சாமர்த்தியம் மிகுதி. 100 கிராம் விசுக்கோத்தில் மா 35 கிராமும், இனிப்பூட்டும் பொருட்கள் 40 கிராமும், எண்ணெய் 20 கிராமும் இருப்பதாகக் கொள்வோம். நேர்மையாக எழுதினால் சீனியே முதலில் வரவேண்டும். ஆனால் அந்த 40 கிராமை, சீனி 16, குளுக்கோசுப் பாகு 14, தேன் 10 என்று மூன்றாகப் பிரித்துவிட்டால் என்ன ஆகும்? மா முதலாவது இடத்திற்கும் எண்ணெய் இரண்டாவது இடத்திற்கும் வந்துவிடும். சீனி மூன்றாவதாகப் பின்வாங்கி நிற்கும். எழுதியதெல்லாம் உண்மை, எண்ணவைத்ததோ பொய். சுக்குறோசு, டெக்ஸ்றோசு, பிரக்றோசு, மோல்றோசு, சோளப் பாகு, செறிவாக்கிய பழச்சாறு என எப்பெயரில் வந்தாலும் அவை யாவும் இனிப்பின் இனத்தைச் சேர்ந்தனவே. பட்டியலை வாசிக்கும்போது அவற்றை மனத்துள் ஒன்றாகக் கூட்டிக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, ‘ஒருமுறை உண்ணும் அளவு’ என்பது. அமெரிக்காவில் ஒருமுறை உண்ணும் அளவில் அரைக் கிராமுக்குக் குறைவாகச் சீனி இருந்தால் ‘0’ என்று எழுத விதி இடங்கொடுக்கின்றது. ரிக்-ராக் என்னும் சிறு மிட்டாயில் ஒன்றின் நிறை 0.49 கிராம். ஒரு மிட்டாயே ஒருமுறை உண்ணும் அளவு என்று கொள்ளப்பட்டது. ஆகவே பெரும்பகுதி சீனியாலாகிய அம்மிட்டாயின் பெட்டியில் ‘சீனி 0 கிராம்’ என்று எழுத முடிந்தது! பின்பக்கத்துப் பட்டியலிலோ சீனியே முதலாவதாக நின்றது. செயற்கையாக இறுக்கிய எண்ணெயிலுள்ள, இருதயத்திற்குத் தீங்கான ‘திரான்ஸ்’ கொழுப்பும் இவ்வாறே ஒளிந்திருந்தது. 2006ஆம் ஆண்டு முதல் அதன் அளவை அங்கே எழுதவேண்டுமென்று விதித்தபோதும், அரைக் கிராமுக்குக் கீழே ‘0’ என்று எழுத அனுமதி இருந்தது. ஒரு விசுக்கோத்திற் பூச்சியமாக இருப்பது பத்து விசுக்கோத்திலும் பூச்சியமாக இருக்குமா என்பதை நமது பிள்ளைகளே கணக்கிட்டுச் சொல்வார்கள்.

இலக்கங்களின் திரைக்குப் பின்னால்

பட்டியலின் இறுதியில் சில இலக்கங்கள் காணப்படும். இவற்றைக் கண்டவுடன் அஞ்சுவோரும் உளர், பொருட்படுத்தாதோரும் உளர். இரண்டும் சரியன்று. ஈ 300 என்பது நாம் மேலே கூறிய விற்றமின் சீ. ஈ 330 என்பது தேசிக்காயிலுள்ள சித்திரிக்கமிலம். இலக்கம் இட்டதால் ஒரு பொருள் நஞ்சாகிவிடாது.

ஆனால் சில இலக்கங்களை அறிந்திருத்தல் நன்று. மரக்கறி உணவே உண்ணும் குடும்பங்கள் கவனிக்கவேண்டியது ஈ 120. இது கொச்சினீல் என்னும் ஒருவகைப் பூச்சியை உலர்த்திப் பெறும் செந்நிறம். அமெரிக்காவில் நெடுங்காலமாக இது ‘நிறமூட்டி’ என்ற பொதுப்பெயரில் மறைந்திருந்தது. சிலருக்கு அதனாற் கடும் ஒவ்வாமை ஏற்பட்டதைத் தொடர்ந்து, 2011ஆம் ஆண்டு ஜனவரி முதல் அதனைப் பெயர் சொல்லியே எழுதவேண்டும் என்று விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில், தமது செம்புற்றுப்பழப் பானத்தில் இந்நிறம் சேர்வதைப் பற்றி மரக்கறி உணவினர் எதிர்ப்புத் தெரிவிக்கவே, ஸ்ரார்பக்ஸ் நிறுவனம் அதனைக் கைவிட்டுத் தக்காளியிலிருந்து பெறும் நிறத்துக்கு மாறிற்று. விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து பெறப்படும் ஜெலற்றின் இனிப்புப் பண்டங்கள் பலவற்றிற் சேர்கின்றது என்பதையும் மறத்தலாகாது. ஈ 471 என்பது தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். இலக்கத்தை மாத்திரம் பார்த்து அதனை அறிய முடியாது.

சிறுவர் உள்ள வீடுகளில் ஈ 102, 104, 110, 122, 124, 129 என்னும் ஆறு செயற்கை நிறங்களைக் கவனிக்கலாம். இங்கிலாந்தின் சவுத்ஹாம்ரன் பல்கலைக்கழகத்தார் 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இத்தகைய நிறங்களின் கலவையும் சோடியம் பென்சோவேற்றும் சேர்ந்த பானத்தை அருந்திய சில பிள்ளைகளிடம் அடங்காத்தனம் கூடியது காணப்பட்டது. இது முடிந்த முடிபன்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துவதுமன்று. எனினும் 2010ஆம் ஆண்டு ஜூலை முதல், இவ்வாறு நிறங்களுள் எதையேனும் சேர்த்தால் பிள்ளைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்று எழுதவேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. அதன் பின்னர் அங்கே பல உற்பத்தியாளர் அந்நிறங்களையே கைவிட்டனர். எச்சரிக்கை எழுதுவதிலும் பார்க்கப் பொருளை மாற்றுவது அவர்களுக்கு இலாபமாகத் தோன்றிற்று. ஒரு வரி எழுத்துக்கு அவ்வளவு வலிமை உண்டு.

உயிரைக் குடித்த மௌனம்

இதுவரை சொன்னவற்றில் இழப்பு பெரும்பாலும் பணமும் நலமுமாக இருந்தது. எழுதாமல் விட்ட ஒரு சொல் உயிரையே கொண்டுபோனதும் உண்டு.

2016ஆம் ஆண்டு ஜூலை 17ஆந் திகதி. நத்தாஷா எட்னான்-லப்பெரூஸ் என்னும் 15 வயதுச் சிறுமி இலண்டன் விமான நிலையத்திலே ஒரு பாண் உணவை வாங்கினாள். எள் அவளுக்கு ஒவ்வாது. ஆதலால் அவளும் தந்தையாரும் பொதியை வாசித்துப் பார்த்தே வாங்கினர். எள்ளைப் பற்றி அங்கே எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. எள்ளோ பாணின் மாவோடு கலந்து சுடப்பட்டிருந்தது, கண்ணுக்கும் தெரியவில்லை. விமானம் பிரான்சை நோக்கிப் பறந்துகொண்டிருந்தபோதே ஒவ்வாமை கண்டு, அன்றே அவள் இறந்தாள்.

இதிலே நெஞ்சை வருத்துவது என்னவெனில், அக்கடையார் அன்றைய சட்டத்தை மீறவில்லை. கடையிலேயே செய்து பொதிந்து விற்கும் உணவுக்கு ஒவ்வொரு பொதியிலும் முழுப் பட்டியல் வேண்டியதில்லை என்று சட்டம் விலக்களித்திருந்தது. பெற்றோர் தளராது போராடினர். 2021ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி தொடக்கம், அத்தகைய உணவுகளிலும் முழு உள்ளடக்கமும், ஒவ்வாமை தரும் பொருள்கள் தெளிவாக எடுத்துக்காட்டியும் எழுதப்படல் வேண்டும் என்ற விதி அங்கே நடைமுறைக்கு வந்தது. மக்கள் அதனை ‘நத்தாஷா சட்டம்’ என்றே அழைக்கின்றனர்.

எள்ளுருண்டையும் நல்லெண்ணெயும் இல்லாத தமிழ் வீடு அரிது. நமக்கு அமுதமாயிருப்பது மற்றொருவருக்கு நஞ்சாகலாம். கடலை, பால், முட்டை, இறால் என்று ஒவ்வாதோர் நமது வீடுகளிலும் இருக்கின்றார்கள். அவர்களுக்கு உள்ளடக்கப் பட்டியல் உயிர்காக்கும் ஓலை.

நமது நாட்டில் மூன்று நிறங்கள்

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவின் தன்மையைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாகும்படி சுட்டுத்துண்டு இடுவதைத் தடைசெய்கின்றது. அச்சட்டத்தின்கீழ் 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் மென்பானங்களுக்கு நிறக் குறியீடு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை மஞ்சள். 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. 2019இல் திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு ஆகிய மூன்றையும் காட்டும் நிறக் குறியீடு விதிக்கப்பட்டது. எழுத்து வாசிக்கத் தெரியாதவரும், மூக்குக்கண்ணாடியை மறந்துவந்த பாட்டியாரும் ஒரு பார்வையில் அறிந்துகொள்ளத்தக்க நல்ல ஏற்பாடு இது.

ஆயினும் மஞ்சள் நிறத்தைக் கண்டு மயங்குதல் கூடாது. 11.2 கிராம் சிவப்பு, 10.8 கிராம் மஞ்சள். இடையிலுள்ள வேறுபாடு ஒரு சிட்டிகை. மேலும், குறியீடு காட்டுவது 100 மில்லிலீற்றருக்கு உரிய கணக்கை. நாம் அருந்துவதோ முழுப் போத்தலை. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனியுள்ள ஒரு பானம் மஞ்சட் குறியைப் பெறும். அதில் 400 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றைக் குடித்தால் உடலிற் சேரும் சீனி 40 கிராம். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தால் பத்துத் தேக்கரண்டி! ஒரு கோப்பைத் தேநீரிலே பத்துக் கரண்டி சீனி போட்டுக் கொடுத்தால் எந்தத் தாய் தன் பிள்ளையைக் குடிக்க விடுவாள்? குளிரும், வாயுவும், புளிப்பும் சேர்ந்து அந்த இனிப்பை நாவுக்கு மறைத்துவிடுகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட அறிவுரையின்படி, சேர்க்கப்படும் இனிப்பிலிருந்து வரும் சக்தி நாளுணவின் சக்தியில் நூற்றுக்கு 10 வீதத்துக்குக் குறைந்திருத்தல் வேண்டும். 5 வீதத்துக்குக் குறைந்தால் இன்னும் நன்று. நாளொன்றுக்கு 2,000 கலோரி வேண்டிய ஒருவருக்கு இவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். அந்த ஒரு போத்தலே 25 கிராமைத் தாண்டிவிடுகின்றது. அவர் அன்று உண்ட விசுக்கோத்தையும் குடித்த தேநீரையும் இன்னும் கணக்கிற் சேர்க்கவில்லை.

நீரிழிவு உள்ளோர் இன்னொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். ‘சீனி சேர்க்கப்படவில்லை’ என்பதற்கு ‘சீனி இல்லை’ என்பது பொருளன்று. பழச்சாற்றில் இயல்பாகவே வெல்லம் உண்டு. சீனி இல்லாத விசுக்கோத்திலும் மா உண்டு. மாவும் வயிற்றினுட் சென்றபின் குளுக்கோசாகவே மாறுகின்றது. முன்பக்கத்தின் சொல்லை நம்பி அளவின்றி உண்பவர், வைத்தியரின் மருந்தோடு தாமே மல்லுக்கு நிற்கின்றார்.

செய்யத்தக்கவை

உற்பத்தியாளர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லுதல் நியாயமாகாது. நேர்மையாக எழுதுவோரும் பலர். ஆயின் நேர்மையாளருக்கும் நாம் வாசிப்பதனாலேதான் நன்மை. வாசியாமல் வாங்கும் ஊரில், உண்மையான மாதுளைச் சாறு விற்பவன் நட்டமடைவான். மாதுளைப் படம் விற்பவன் மாடி கட்டுவான்.

ஆகவே பொதியைக் கையிலெடுத்ததும் முதலில் திருப்பிப் பிடியுங்கள். பட்டியலின் முதல் மூன்று பெயர்களைப் பாருங்கள். பெரும்பாலும் பொருளின் உண்மைச் சொரூபம் அவற்றிலேயே அடங்கிவிடும். சீனியின் மாறுபெயர்களை ஒன்றாகக் கூட்டுங்கள். 100 கிராமுக்கு உரிய கணக்கைக் கொண்டு இரு பொருட்களை ஒப்பிடுங்கள். ‘ஒருமுறை உண்ணும் அளவு’ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ‘சுவை’ என்ற சொல் பழத்தின் பெயரை ஒட்டி நின்றால், பழம் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதை உணருங்கள். எழுதியது பொய்யென்று ஐயம் தோன்றினால் பொதியையும் பற்றுச்சீட்டையும் எறிந்துவிடாது, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நிறுவப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கோ அறிவியுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. இந்த வாரம் வீட்டு அலுமாரியிலிருக்கும் ஐந்து பொதிகளை எடுத்து, முன்பக்கம் சொல்வதை ஒரு பக்கத்திலும் பின்பக்கம் சொல்வதை மறுபக்கத்திலும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். தாயாருக்கும் தந்தையாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த மாதச் சாமான் பட்டியல் சிறிதேனும் மாறுமாயின், அந்தக் கொப்பி எழுதியதன் பயன் கைகூடிற்று.